சினைக் கொட்டகையில் தீவனம் போடும் வேலை

பன்றிப் பண்ணையில் சினைக் கொட்டகைக்குப் புதிதாக வருபவர்கள் எல்லோரும் கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான் ஆரம்பிப்பார்கள். தீவன வண்டி உருளும் சத்தம் கேட்டதும் கொட்டகையே அலறும். போட்டது கொஞ்ச நேரத்தில் காலியாகிவிடும். தொட்டியை நக்கி முடித்துவிட்டுப் பன்றி தலையைத் தூக்கிப் பார்க்கும். வாயும் வயிறுமாக இருக்கிற உயிராச்சே என்று இன்னொரு அரைக் கரண்டி விழுந்துவிடும். அசட்டையாக வேலை செய்பவனைக் கண்டிக்கலாம். இரக்கப்பட்டு அள்ளிப் போடுபவனை என்ன சொல்லித் திருத்துவது?

கத்துவது பொய்யில்லை, பசிதான். ஆனால் விட்டால் சினைப் பன்றி தேவையைப் போல இரண்டு மடங்கு கூடத் தின்றுவிடும். மக்காச்சோளமும் சோயாவும் சேர்ந்த சாதாரணத் தீவனத்தில், நல்ல உடல்வாகுள்ள தாய்ப் பன்றிக்குச் சினைக்காலத்தின் பெரும்பகுதியில் நாளுக்கு 2 முதல் 2.5 கிலோ போதும். கணக்குப் போட்டால் சுமார் 6,500 முதல் 8,000 கிலோகலோரி. அதற்கு மேல் போவது முதுகில் கொழுப்பாகச் சேரும்.

அந்த அரைக் கரண்டியின் விளைவு போட்டவன் கண்ணில் படாது என்பதுதான் சிக்கல். சினைக்காலம் 114, 115 நாள். இங்கே கொழுத்த பன்றி பிரசவக் கொட்டகைக்குப் போன பிறகுதான் எல்லாம் தெரியும். குட்டி போட அதிக நேரம் எடுக்கும், செத்துப் பிறப்பது கூடும். அதைவிட மோசம், பாலுக்காக நிறையத் தின்ன வேண்டிய நேரத்தில் அது சரியாகத் தின்னாது. உடம்பில் இருப்பதைக் கரைத்துப் பால் கொடுத்து, குட்டிகளைப் பிரிக்கும்போது எலும்பும் தோலுமாக நிற்கும். அடுத்த பருவத்துக்கு வரத் தாமதமாகும். மடிக்கும் பாதிப்பு உண்டு. பால் சுரக்கும் திசு வேகமாக வளர்வது சினையின் கடைசிப் பகுதியில். அந்தச் சமயத்தில் பன்றி மிதமிஞ்சிக் கொழுத்திருந்தால் அந்த இடத்தைக் கொழுப்பு பிடித்துக்கொள்ளும்.

அதனால் சத்தத்தைக் கேட்டுத் தீவனம் போடக் கூடாது, முதுகைப் பார்த்துப் போட வேண்டும். பின்னால் நின்று இடுப்பைப் பார்ப்போம். உள்ளங்கையை முதுகெலும்பின் மேலும் இடுப்பெலும்பின் மேலும் வைத்து அழுத்துவோம். 1 முதல் 5 வரை மதிப்பெண். 3 என்றால் அழுத்தினால் எலும்பு தட்டுப்படும், பார்வைக்குத் தெரியாது. இதில் ஒரு வம்பு இருக்கிறது. கொட்டகை முழுக்கக் கொழுத்த பன்றிகளாக இருந்தால் கண் அதற்குப் பழகிவிடும். அப்புறம் சரியாக இருப்பதுகூட இளைத்ததாகத் தெரியும். அமெரிக்காவின் வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகத்தில் உருவாக்கிய காலிபர் என்ற அளவுக் கருவி இதற்கு நல்ல மருந்து. கடைசி விலா எலும்புக்கு நேராக முதுகின் மேல் வைத்தால், முதுகு எவ்வளவு கூர்மையாக இருக்கிறது என்பதை வைத்து இளைத்தது, சரியானது, கொழுத்தது என்று காட்டிவிடும். அதற்கு இரக்கமும் கிடையாது, பழக்கமும் கிடையாது.

இளைத்ததைத் தேற்றுவதானால் சினை பிடித்த முதல் மாதத்திலேயே தேற்றிவிட வேண்டும். அப்போது கூட்டிக் கொடுத்தால் உடம்பில் ஒட்டும்.

அளவைப் பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும். ஏனென்றால் பண்ணைகளில் நான் அதிகம் பார்த்த கோளாறு இதுதான். தீவனப் பெட்டியில் 2 கிலோ என்று கோடு போட்டிருக்கும். ஆனால் பெட்டியும் கரண்டியும் அளப்பது எடையை அல்ல, கொள்ளளவை. தவிடு கூடிய கலவை வந்தால் அதே கோட்டுக்கு எடை குறையும். அழுத்திச் செய்த குச்சித் தீவனம் (பெல்லட்) வந்தால் கூடும். அட்டவணை சுவரில் அழகாகத் தொங்கும், பன்றிக்குப் போவது வேறாக இருக்கும். புதிய லோடு இறங்கும்போதெல்லாம் சில பெட்டிகளைத் திறந்துவிட்டு, விழுந்ததை வாளியில் பிடித்துத் தராசில் வைப்பது கொஞ்ச நேர வேலைதான். அதைச் செய்யாமல், தீவனத்தில் லைசின் என்ற அமினோ அமிலம் 0.6 சதவீதமா 0.65 சதவீதமா என்று வாதாடுவது எனக்கு வேடிக்கையாக இருக்கும்.

சரி, பசி அப்படியே இருக்கிறதே, அதற்கு என்ன வழி? நார்ச்சத்துதான். கோதுமைத் தவிடு, சோயாத் தோல், பீட்ரூட் வகைச் சர்க்கரைக் கிழங்கின் சக்கை, வைக்கோல் எதுவானாலும் வயிறு நிரம்பும், சக்தி அதிகம் ஏறாது. வெறும் வாயை மெல்லுவதும் கம்பியைக் கடிப்பதும் குறையும். மலச்சிக்கலும் தளரும். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2008ஆம் ஆண்டு விதிமுறை, சினைப் பன்றிகளுக்குப் பசி அடங்கவும் மெல்லவும் போதிய நார்த் தீவனம் கொடுத்தே ஆக வேண்டும் என்கிறது. இதை நான் சொகுசாக நினைக்கவில்லை. அமைதியான கொட்டகையில் வேலை செய்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். தவிடு பூஞ்சை பிடிக்காததாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். ஜியரலெனோன் என்ற பூஞ்சை நச்சு கலந்த மக்காச்சோளத்தைத் தின்ற இளம் பெட்டைகளுக்குப் பருவம் இல்லாமலே பிறப்புறுப்பு சிவந்து வீங்கும். அதைப் பார்த்தால் முதலில் தீவனக் கிடங்குக்குத்தான் போவேன்.

கூட்டமாக விட்டு வளர்க்கும் இடத்தில் தராசு மட்டும் போதாது. வலுத்தது இரண்டு பங்கு தின்னும், முதல் ஈற்றுப் பெட்டை ஓரமாக நிற்கும். அது தன் உடம்பையும் வளர்த்துக்கொண்டு குட்டியையும் வளர்க்கிறது. முடிந்தால் இளசுகளைத் தனிக் கூட்டமாகப் பிரித்துவிடுவது நல்லது. தண்ணீரையும் மறக்கக் கூடாது. நாளுக்கு 10 முதல் 20 லிட்டர் தேவைப்படும். பன்றி வாய் வைத்துக் குடிக்கும் நிப்பிள் குழாயில் தண்ணீர் சொட்டுச் சொட்டாக வந்தால் பன்றி நின்று நின்று சலித்துப் போய்விடும்.

கடைசி மாதத்தில் தீவனத்தைக் கூட்டினால் குட்டி பெரிதாகப் பிறக்கும் என்ற நம்பிக்கை எல்லாப் பண்ணையிலும் உண்டு. குட்டியின் வளர்ச்சி அப்போதுதான் வேகமெடுக்கிறது என்பது உண்மை. ஆனால் சோதித்துப் பார்த்த இடங்களில் பிறப்பு எடையில் கிடைத்தது சில பத்துக் கிராம்தான். மிச்சம் தாயின் உடம்பில்தான் ஏறியது. இளைத்ததற்குக் கூட்டுவேன், மற்றதற்கு மாட்டேன்.

குட்டி போடும் நாளன்று பட்டினி போடுவதுதான் பழைய வழக்கம். மடி கட்டிக்கொள்ளும் என்ற பயம். டென்மார்க்கில் 2018இல் வெளியான ஓர் ஆய்வு இதைப் புரட்டிப் போட்டது. கடைசியாகத் தின்று மூன்று மணி நேரத்துக்குள் பிரசவம் தொடங்கிய பன்றிகள், வெகுநேரம் வெறும் வயிற்றோடு இருந்தவற்றைவிடச் சீக்கிரம் குட்டி போட்டு முடித்தன. இரத்தத்தில் சர்க்கரை குறைந்தால் முக்குவதற்குத் தெம்பு ஏது? அதற்குப் பிறகு கடைசி நாட்களில் ஒரே வேளைத் தீவனத்தைச் சிறு சிறு பங்காகப் பிரித்து, இரவு வெகுநேரம் கழித்தும் ஒரு பங்கு போடச் சொல்கிறேன். காரணத்தை எல்லோரும் ஒத்துக்கொள்கிறார்கள். அந்த இரவுப் பங்கைப் போட யார் எழுந்து போவது என்பதில்தான் இன்னும் தகராறு.