ஆசானின் முடிவுகளைக் கலைத்தவர், ஆசானின் பதவியில்

பழைய பிரெஞ்சு இலக்கியத்தில் பதிப்பு வேலை பார்ப்பவர் யாரும் ஜோசப் பெதியேவைத் தாண்டிப் போக முடியாது. 1864இல் பாரிஸில் பிறந்தவர். வளர்ந்தது இந்தியப் பெருங்கடலில் உள்ள ரெயூனியோன் தீவில். தமிழ்நாட்டிலிருந்து போன ஒப்பந்தக் கூலிகள் கரும்புத் தோட்டங்களில் உழைத்துக்கொண்டிருந்த அதே தீவு. 1929 முதல் 1936 வரை பாரிஸில் உள்ள உயர்கல்வி நிறுவனமான கொலேஜ் த பிரான்ஸின் தலைமைப் பொறுப்பில் இருந்தார்.

அவருடைய ஆசான் கஸ்தோன் பாரிஸ். அந்த ஆசான் நிலைநாட்டியவற்றை ஒவ்வொன்றாகக் கேள்விக்கு உட்படுத்தியதுதான் பெதியேவின் வாழ்நாள் பணி என்றே சொல்லலாம். ஆனாலும் 1903இல் ஆசான் மறைந்தபின் கொலேஜில் அவருடைய பேராசிரியர் பதவி பெதியேவுக்கே வந்தது.

முதல் மோதல் கதைகளைப் பற்றியது. 1859இல் ஜெர்மன் அறிஞர் தியோடர் பென்ஃபை பஞ்சதந்திரத்தை மொழிபெயர்த்து, ஐரோப்பியக் கதைகளில் பெரும்பாலானவை இந்தியாவிலிருந்து வந்தவை என்று வாதிட்டார். கஸ்தோன் பாரிஸும் அந்தப் பக்கம்தான். பெதியே 1893இல் ஃபாப்லியோ எனப்படும் இடைக்காலச் சிரிப்புக் கதைகளை ஆராய்ந்து இதை மறுத்தார். ஏமாறும் கணவன், கெட்டிக்கார மனைவி, கதவைத் தட்டும் காதலன் ஆகியோர் இல்லாமல் அந்தக் கதையே கிடையாது. அது எந்த ஊரிலும் தானாகப் பிறக்கலாம். கதைக்குத் தேவையே இல்லாத ஒரு சில்லறை விவரம் இரண்டு இடத்திலும் ஒன்றாக இருந்தால்தான் கடன் வாங்கியதாகச் சொல்ல முடியும் என்றார்.

இதே தர்க்கம்தான் சுவடிப் பதிப்பிலும் அடிப்படை. ழான் ரெனார் 13ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதிய ‘நிழலின் பாட்டு’ ஆயிரம் அடிக்குச் சற்றுக் குறைவான சிறு காவியம். ஒரு பெண் மோதிரத்தை ஏற்க மறுக்கிறாள். காதலன் அதைக் கிணற்று நீரில் தெரியும் அவள் நிழலுக்குக் கொடுத்துவிடுகிறான். இதற்கு ஏழு கைப்பிரதிகள் உண்டு. 1890இல் பெதியே இதை, ஜெர்மன் அறிஞர் லாக்மனின் பெயரால் வழங்கும் முறையில் பதிப்பித்தார்.

அந்த முறை இப்படிப் போகும். ஒரு பிரதியை அடிப்படையாக வைத்து மற்றவற்றை அடி அடியாக ஒப்பிட்டுப் பாடபேதங்களை, அதாவது சொல் வேறுபாடுகளை, குறிக்க வேண்டும். இரண்டு பிரதிகள் சரியான பாடத்தில் ஒத்துப்போவது எதையும் நிரூபிக்காது. பிழையில் ஒத்துப்போனால்தான் உறவு. அதிலும் எல்லாப் பிழையும் உதவாது. அடுத்தடுத்த இரண்டு அடிகள் ஒரே சொல்லில் முடிந்தால், எழுதுபவரின் கண் முதல் சொல்லிலிருந்து இரண்டாவதற்குத் தாவி நடுவில் உள்ளது விடுபடும். இதை இருவர் தனித்தனியே செய்ய முடியும், ஆகவே சாட்சியாகாது. தேறிய பிழைகளைக் கொண்டு பிரதிகளின் வம்சமரம் வரைய வேண்டும். கையில் இருக்கும் பிரதியிலிருந்தே நகலெடுத்தவற்றைத் தள்ளிவிட வேண்டும். மூலத்திலிருந்து மூன்று கிளை பிரிந்திருந்தால், இரண்டு கிளை ஒப்பும் பாடமே மூலபாடம். பதிப்பாசிரியரின் ருசிக்கு அங்கே இடமில்லை.

கெடுவது எங்கே? எழுதியவர் இரண்டு தாய்ப்பிரதிகளைப் பக்கத்தில் வைத்துக் கலந்து எழுதியிருந்தால் மரம் குழம்பும். அறிவாளியான எழுத்தர் பிழையைத் தானே திருத்தியிருந்தால் சாட்சியே அழிந்துபோகும்.

பெதியே வரைந்த மரத்துக்கு இரண்டு கிளை. மதிப்புரை எழுதிய ஆசான் மூன்று கிளை என்றார். அந்த ஐயம் பெதியேவை விடவில்லை. 1913இல் அதே நூலை வேறு முறையில் மறுபடி பதிப்பித்தார். 1928இல் எழுதிய நீண்ட கட்டுரையில், தான் திரட்டிய 110 வம்சமரங்களில் 105க்கு இரண்டே கிளை என்று காட்டினார். இயற்கையில் எல்லா மரமும் இரண்டாகவே பிரியுமா? மூன்று கிளை இருந்தால் பெரும்பான்மை தீர்ப்புச் சொல்லிவிடும். இரண்டு இருந்தால் தேர்வு பதிப்பாசிரியர் கைக்கு வரும். அதனால் பதிப்பாசிரியர் தன்னை அறியாமலே பொதுப்பிழையைத் தேடித்தேடி இரண்டு கிளை மிஞ்சும்வரை நிறுத்துவதில்லை.

பெதியே சொன்ன மாற்று எளிமையானது. நல்ல பிரதி ஒன்றைத் தேர்ந்தெடு; வெளிப்படையான கைப்பிழையை மட்டும் திருத்து; தள்ளிய பாடத்தை வாசகர் பார்க்கும்படி அச்சிடு. இதற்கும் விலை உண்டு. அந்த எழுத்தர் பொருள் கெடாமல் ஒரு சொல்லை மாற்றியிருந்தால் அதுவே ஆசிரியரின் சொல்லாக நின்றுவிடும். பெரும்பாலான சுவடிகள் அழிந்துபோனதால் இரண்டு கிளை மிஞ்சுவது இயல்பே என்ற மறுப்பும் வலுவானது. ஆனாலும் இல்லாத ஒரு மூலத்தைக் கட்டி எழுப்புவதைவிட, ஒருவர் உண்மையில் கையில் பிடித்து வாசித்த பிரதியைத் தருவது நேர்மையான வேலை என்றே நான் கருதுகிறேன்.

இப்படிப்பட்டவருக்கு ஆசானின் பதவி கிடைத்ததற்கு அந்த நிறுவனத்தின் அமைப்பும் ஒரு காரணம். 1530இல் முதலாம் பிரான்சுவா மன்னர் தொடங்கிய கொலேஜில் பட்டம் இல்லை, தேர்வு இல்லை, கட்டணமும் இல்லை. யாரும் உள்ளே வந்து உட்காரலாம். ஒரு பதவி காலியானால் முதலில் அது எந்தத் துறைக்கு என்று பேராசிரியர் அவை வாக்களிக்கும். யாருக்கு என்பது தனி வாக்கெடுப்பு. தலைமைப் பொறுப்பில் இருப்பவருக்கு ‘நிர்வாகி’ என்றுதான் பெயர். அவரும் பேராசிரியர்களில் ஒருவரே.

இடைக்கால இலக்கியத்திலிருந்து அந்தப் பொறுப்புக்கு வந்தவர் பெதியே மட்டுமல்ல. கஸ்தோன் பாரிஸ் 1895 முதல் இறக்கும்வரை அதை வகித்தார். பெதியேவுக்கு அடுத்து வந்த எட்மோன் ஃபராலும் அதே துறைக்காரர். 1955 வரை இருந்தார்.

பொறுப்பிலிருந்து விலகிய மறு ஆண்டு, 1937இல், பெதியே ‘ரோலாந்து பாட்டு’ என்ற பழைய பிரெஞ்சு வீரகாவியத்துக்குத் தம் இறுதிப் பதிப்பை வெளியிட்டார். ஆக்ஸ்ஃபோர்டில் உள்ள டிக்பி 23 என்ற பிரதியே அதற்கு அடிப்படை, 4002 அடிகள். முந்தைய பதிப்பாசிரியர்கள் மற்ற பிரதிகளைக் கொண்டு திருத்திய பல இடங்களில் அவர் ஆக்ஸ்ஃபோர்டு பாடத்தை அப்படியே விட்டுவைத்தார்.