சனியன் சார் இது!

நாய் பூனை மேல் இருக்கும் பிரியத்தை எங்கள் வட ஆற்காட்டுக்காரர்கள் பிரியமாகச் சொல்லி நான் அதிகம் கேட்டதில்லை. திட்டித்தான் சொல்வார்கள். "சனியன் சார் இது, ராத்திரி தூங்க வுடாது." "இத்த எங்கியாவது கொண்டு போய் வுட்டுட்டு வரணும்." "தின்றதுக்குன்னே பொறந்து கீது." ஒருவர் இப்படி ஆரம்பித்தால், அவர் வீட்டில் அதன் ராஜாங்கம்தான் நடக்கிறது என்று புரிந்துகொள்வேன்.

நான் கால்நடை மருந்தகங்களில் பராமரிப்பு உதவியாளராக வேலை பார்த்தவன். மக்கள் வாயில் அது மாட்டாஸ்பத்திரி. சேர்ந்தபோது எங்களுடையது வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டம். பிறகு வேலூர் மாவட்டம் ஆனது. 2019இல் அதுவும் வேலூர், இராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று மூன்றாகப் பிரிந்தது. மாவட்டத்தின் பெயர் மாறிக்கொண்டே இருந்ததே தவிர என் வேலை மாறவில்லை. சீட்டு எழுதுவது, மருந்து எடுத்துக் கொடுப்பது, எல்லாவற்றுக்கும் மேலாகப் பிடிப்பது. டாக்டர் ஊசி போடுவார், நான் பிடித்துக்கொள்வேன்.

ஆரம்ப காலத்துப் பதிவேட்டைப் புரட்டினால் மாடு, எருமை, ஆடு, கோழி என்றுதான் இருக்கும். சினை ஊசி, குடற்புழு மருந்து, கோமாரித் தடுப்பூசி. இராணிப்பேட்டையில் 1932 முதல் இயங்கும் கால்நடை நோய்த்தடுப்பு மருந்து நிலையத்திலிருந்து ஆட்டுக்கும் கோழிக்கும் மருந்து வரும். அதை ஐஸ் பெட்டியில் வைத்துக்கொண்டு ஊர் ஊராகப் போவோம். நாய் எப்போதாவது வரும். பூனை வந்தால் அன்றைக்கு அது ஒரு செய்தி. வேலையை விடுகிற காலத்தில், டவுனில் இருந்த மருந்தகத்தில் காலை நேரக் கூட்டத்தில் பெரும்பாதி நாயும் பூனையும்தான்.

மாட்டுக்காரருக்குச் சொல்ல வேண்டியது சுருக்கமாக இருக்கும். "நேத்திலருந்து அசை போடல, சாணி கெட்டியா போடுது." முடிந்தது. நாய்க்காரரும் பூனைக்காரரும் அப்படி இல்லை. அது எந்த மழையில், எந்தச் சாக்கடை ஓரத்தில் கிடைத்தது என்று தொடங்கி, வீட்டுக்கு வந்த அன்று யார் யார் வேண்டாம் என்றார்கள், இப்போது அவர்களே எப்படித் தட்டில் மீன் வைக்கிறார்கள் என்பது வரை வந்துதான் நோய்க்கு வருவார்கள். சில டாக்டர்கள் "என்ன பிரச்சினைன்னு மட்டும் சொல்லும்மா" என்று வெட்டிவிடுவார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது, வெளியே வரிசை நிற்கும். ஆனால் வேப்பமரத்தடியில் காத்திருக்கும்போது அதே கதையை என்னிடம் சொல்லியிருப்பார்கள். நோய் அந்தக் கதைக்குள்ளேதான் எங்கேயாவது உட்கார்ந்திருக்கும்.

ஆம்பூர்ப் பக்கம் வேலை செய்தபோது ஷூ கம்பெனிக்குப் போகிற ஒரு பெண் கூடையில் ஒரு கடுவன் பூனையைக் கொண்டு வந்தார். வழக்கம்போலப் புகார்தான். "டெய்லி நாலரை மணிக்கு மூஞ்சி மேல வந்து உக்காந்துக்கும் சார். தள்ளி வுட்டா கால கடிக்கும். அது எழுப்பி வுட்டுத்தான் சமைச்சி வெச்சிட்டு கம்பெனி பஸ்ஸ புடிப்பேன். ரெண்டு நாளா எழுப்பல. நேத்து பஸ்ஸ வுட்டுட்டேன், அரை நாள் சம்பளம் போச்சி." பூனையால் சம்பளம் போனது என்று சண்டை போடுகிற தொனி. எழுப்பாமல் அது என்ன செய்கிறது என்று கேட்டேன். "பின்னாடி மணல்ல போய் குந்திக்கினே இருக்குது. ஒண்ணும் வரல. வந்து மறுபடி போவுது. மலச்சிக்கல்னு வெளக்கெண்ண குடுத்தேன்."

அதைக் கேட்டதும் நான் வரிசையைத் தாண்டி உள்ளே போய் டாக்டரிடம் சொன்னேன். கடுவன் பூனைக்குச் சிறுநீர்க் குழாய் மிகக் குறுகல். மணல் போன்ற உப்புத்துகளும் சளியும் சேர்ந்து அடைத்துக்கொண்டால், ஒரு சொட்டுகூட வராது. பார்க்கிறவர்களுக்கு மலச்சிக்கல் மாதிரிதான் தெரியும். இரண்டு மூன்று நாள் விட்டால் விஷம் ரத்தத்தில் ஏறி உயிர் போய்விடும். டாக்டர் வயிற்றைத் தொட்டுப் பார்த்தார், மூத்திரப்பை கல்லாக இருந்தது. மயக்க ஊசி போட்டு, மெல்லிய குழாய் விட்டு எடுத்தார். ரத்தம் கலந்த சிறுநீர் வந்தது. அந்தப் பெண் சுவர்ப் பக்கம் திரும்பி நின்றுகொண்டிருந்தார். எல்லாம் முடிந்ததும் கேட்ட முதல் கேள்வி, "நாளைக்கு எழுப்புமா சார்?" என்பதுதான்.

கடைத்தீனி மட்டும் போடாதே, தண்ணீர் அதிகம் உள்ளே போகிற மாதிரிக் கொடு, மறுபடி இப்படி உட்கார்ந்தால் அன்றைக்கே வா என்று டாக்டர் சொல்லி அனுப்பினார். மறுபடியும் வந்தார், அதே பூனையோடு. புகார் மாறியிருந்தது. இப்போது மூன்றரை மணிக்கே எழுப்புகிறதாம்.

பூனை விஷயத்தில் எல்லாக் கதையும் இப்படி முடியாது. ஒரு பாட்டி, குடியாத்தம் பக்கத்துக் கிராமம். பூனைக்கு உடம்பு சுடுகிறது என்று தனக்கு வைத்திருந்த பாராசிட்டமால் மாத்திரையில் பாதியைப் பாலில் கரைத்துக் கொடுத்துவிட்டார். தன் மாத்திரையில் பங்கு கொடுத்திருக்கிறார், அதற்கு மேல் என்ன பாசம் வேண்டும்! ஆனால் அந்த மருந்தை மாற்றி வெளியே தள்ளுகிற சக்தி பூனையின் கல்லீரலுக்குப் போதாது. ரத்தத்தின் சிவப்பணு கெட்டு, அது பிராணவாயுவைச் சுமக்க முடியாமல் போகும். முகமும் பாதமும் வீங்கும். ஈறு பழுப்பாகிவிடும். சளியைக் கரைக்க மனிதர்களுக்குத் தருகிற அசிட்டைல்சிஸ்டீன்தான் மாற்று மருந்து. ஓடிப் போய் மெடிக்கலில் வாங்கி வந்தோம். நேரம் கடந்திருந்தது, பிழைக்கவில்லை.

காரணத்தைப் பாட்டியிடம் சொல்ல வேண்டுமா என்று எனக்குள் ஒரு தயக்கம். டாக்டர் சொல்லிவிட்டார். வீட்டில் இன்னும் பூனைகள் இருக்கின்றன, பக்கத்து வீட்டிலும் இருக்கும், சொல்லாமல் விட்டால் இன்னொன்று சாகும் என்றார். அவர் செய்ததுதான் சரி. பாட்டி ஒன்றும் பேசவில்லை. துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு பஸ் ஏறினார். அதற்குப் பிறகு பூனையோடு யார் வந்தாலும், மாத்திரை எதுவும் கொடுத்தீர்களா என்றுதான் நான் முதலில் கேட்பேன்.

நாய்க்கு வருகிறேன். எங்கள் பக்கத்தில் நாய்க்குப் பெயர்ப் பஞ்சம் உண்டு. ஆஸ்பத்திரி வாசலில் "மணி" என்று கூப்பிட்டால் மூன்று நாய் திரும்பும். அப்புறம் ஜிம்மி, டைகர், ராமு. இப்போது புரூனோ, சீசர் எல்லாம் வந்துவிட்டன.

என் நினைவில் நிற்கிற மணி அணைக்கட்டுப் பக்கத்து விவசாயி ஒருவருடையது. செவ்வாய்க்கிழமை பொய்கை மாட்டுச் சந்தைக்கு வந்தவர், அப்படியே மாட்டுக்குத் தாது உப்பு வாங்க ஆஸ்பத்திரிக்கு வந்தார். வாங்கிக்கொண்டு போகாமல் தூணைப் பிடித்துக்கொண்டே நின்றார். "சும்மா கேக்கறேன் சார், நாய் ஒண்ணு கீது. நாலு நாளா சோறு துன்னல. எனுக்கு இன்னா, அரிசி மிச்சம்." அரிசி மிச்சமாகிறவர் எதற்கு இவ்வளவு நேரம் நிற்க வேண்டும்? கொஞ்சம் பேச விட்டேன். தினமும் அவருடைய டிவிஎஸ் 50இல் முன்னால் கால் வைக்கிற இடத்தில் ஏறி உட்கார்ந்துகொள்ளுமாம். பால் சொசைட்டிக்கு அதுவும் போய் வரும். எதிரே வேறு வண்டி வந்தால் குரைத்து வழி வாங்கும். "இப்ப வண்டி சத்தம் கேட்டா தலைய மட்டும் தூக்குது. ஏற மாட்டேங்குது. மூக்குல ரத்தம் வேற லேசா வந்துது."

மூக்கில் ரத்தம் என்பதைக் கடைசியில்தான் சொன்னார்! மறுநாள் அந்த வண்டியிலேயே, முன்னால் கோணிப்பை விரித்துப் படுக்க வைத்து, கயிறு போட்டுக் கட்டிக் கொண்டு வந்தார். காதுக்குள்ளும் விரல் இடுக்கிலும் உண்ணி. ஈறு வெளுத்திருந்தது. உண்ணிக் காய்ச்சல். உண்ணி கடிக்கும்போது ரத்தத்தில் புகும் கிருமி, ரத்தம் உறைய வைக்கும் தட்டணுக்களைக் குறைத்துவிடும், அதனால்தான் மூக்கில் ரத்தம். டாக்ஸிசைக்ளின் மாத்திரை நான்கு வாரம் கொடுக்க வேண்டும். சாப்பாட்டோடு கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் வாந்தி எடுக்கும். தேறிவிட்டதே என்று நடுவில் நிறுத்திவிடக் கூடாது. "சோத்துல போட்டு வீசறேன், துன்னா துன்னட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

நான்கு வாரம் கழித்து வந்தபோது மனைவியும் கூட வந்திருந்தார். அந்த அம்மா என்னிடம் தனியாகச் சொன்னார்: "மாத்திர வெச்சிக் குடுக்கறதுக்குன்னு டெய்லி கறி வாங்கியாந்தாரு. கண்ணாலம் கட்டி இத்தினி வருசத்துல எனுக்கு ஒரு நாள் தனியா கறி வாங்கிக் குடுத்ததில்ல. இந்த நாய்க்கு வந்த வாழ்வப் பாரு." அவர் மணியின் காதைப் பிடித்து உண்ணி இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே, காது கேளாதவர் போல நின்றார். அந்த அம்மாவும் திட்டிக்கொண்டேதான் கழுத்துக் கயிறை இறுக்கமில்லாமல் மாற்றிக் கட்டினார்.

பிடிக்கிற வேலையில் ஒரு விஷயம் தெரிந்துகொண்டேன். நாயின் வாயைக் கட்டுத்துணியால் கட்டுவதோ, பூனையைத் தலை மட்டும் தெரிகிற மாதிரித் துண்டில் சுற்றுவதோ பெரிய வித்தை இல்லை, பழகினால் வந்துவிடும். வளர்க்கிறவரை என்ன செய்வது என்பதுதான் சிரமம். சிலரை வெளியே அனுப்பிவிட வேண்டும், அவர் நடுங்கினால் நாயும் நடுங்கும். சிலரைத் தலைப்பக்கம் நிற்க வைத்துப் பேச்சுக் கொடுக்கச் சொல்வேன். அப்போதும் திட்டுத்தான். "மூடிக்கினு இருடா, இன்னா பெரிய ஊசி." அந்தக் குரல் காதில் விழுந்துகொண்டே இருந்தால் நாய் அசையாது.

ஒரு சின்ன ஆதங்கம், சொல்லிவிடுகிறேன். பனிப் பிரதேசத்து நாயை வேலூருக்குக் கொண்டு வருகிறவர்களிடம் எனக்கு வாதம் உண்டு. வேலூர் வெயில் எப்படிப்பட்டது என்று யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை, மே மாதம் 40 டிகிரியைத் தாண்டுவது சாதாரணம். நாய்க்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வியர்க்காது. பாதத்தில் மட்டும் கொஞ்சம் வியர்க்கும், மிச்சச் சூட்டை மூச்சு வாங்கித்தான் இறக்க வேண்டும். ஹஸ்கிக்குத் தடித்த ரோமம், பக் நாய்க்கு மூக்கே சப்பை. கத்திரி வெயிலில் மதியம் மொட்டை மாடியில் விட்டிருந்தேன் என்று வாயில் நுரையோடு தூக்கிக்கொண்டு வருவார்கள். வருவதற்கு முன்பே வீட்டில் சாதாரணத் தண்ணீர் ஊற்றி, மின்விசிறி அடியில் போட்டுவிட்டுக் கிளம்பினால் பாதி உயிர் கையில் நிற்கும். ஏசி அறையும் நேரமும் இருக்கிறவர்கள் வளர்த்துக்கொள்ளட்டும். இல்லாதவர்களுக்கு நம் தெருவிலேயே நல்ல குட்டிகள் கிடக்கின்றன.

தெருக்குட்டி என்றதும் ஜூலை 6 முகாம்கள் நினைவுக்கு வருகின்றன. 1885இல் அதே நாளில்தான் பாரிஸில் லூயி பாஸ்டர், வெறிநாய் கடித்த ஒரு சிறுவனுக்கு முதன்முதலில் தடுப்பு மருந்து போட்டார். அந்த நாளை ஒட்டி நாய்களுக்கு இலவசமாக வெறிநோய்த் தடுப்பூசி போடுவோம். குட்டிக்கு மூன்று மாதம் ஆகியிருந்தால் போடலாம், அப்புறம் ஆண்டுக்கு ஒருமுறை. கூட்டம் நெரியும். நாயும் நாயும் சண்டை, அதைப் பார்த்து ஆளும் ஆளும் சண்டை. நடுவில் டாக்டர் தொண்டை வற்றக் கத்திக்கொண்டிருப்பார், நாய் கடித்தால் மஞ்சளும் சுண்ணாம்பும் வைக்காதீர்கள், சோப்புப் போட்டு ஓடுகிற தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்று.

அப்படி ஒரு முகாமில், காட்பாடிப் பக்கத்து ஆட்டோ ஸ்டாண்டிலிருந்து ஓர் ஆட்டோ வந்து நின்றது. பின்சீட்டில் ஒரு செவலை நாய், இரண்டு பக்கமும் காக்கிச் சட்டைக்காரர்கள், முன்னால் ஓட்டுநரோடு ஒட்டி இன்னொருவர். ஊசி போட்டாயிற்று. அட்டையில் உரிமையாளர் பெயர் எழுத வேண்டும். யார் பெயர் என்று கேட்டேன்.

"என் நாய் இல்ல சார். இவன்தான் சோறு போடுவான்."

"எங்கடா போட்டேன்? பொறை மட்டும்தான். டீக்கட மாஸ்டருதுதான் சார் இது."

"மாஸ்டரு தொரத்தி வுடுவாரு சார். மழ வந்தா இவன் வண்டியிலதான் படுக்கும். சீட்டெல்லாம் முடி. சவாரிக்காரங்க திட்றாங்கன்னு டெய்லி பொலம்புவான்."

"சனியன் சார், வேற வண்டியில ஏறாது."

யாருக்கும் சொந்தமில்லை. ஆனால் அது எந்த வருடம் லாரியில் அடிபட்டது, எந்தக் காலில் கட்டுப் போட்டார்கள், எந்தப் போலீஸ்காரரைப் பார்த்தால் மட்டும் குரைக்கும் என்று மூன்று பேரும் போட்டி போட்டுக்கொண்டு சொன்னார்கள். பின்னால் வரிசை கத்த ஆரம்பித்துவிட்டது. நான் உரிமையாளர் என்ற இடத்தில் "ஆட்டோ ஸ்டாண்டு" என்று எழுதி, நாயின் பெயரைக் கேட்டேன். மணிதான், வேறென்ன. அடுத்த ஊசிக்குத் தேதி போட்டு அட்டையை நீட்டினேன். அதை யார் சட்டைப்பையில் வைத்துக்கொள்வது என்று அவர்களுக்குள் சண்டை வந்துவிட்டது.