தகவமைப்புப் பாடம்: ‘எப்படி’ என்ற கேள்வியோடு படித்த அனுபவம்

பன்னிரண்டாம் வகுப்பு விலங்கியலில் தகவமைப்புகள் பற்றிய பகுதி கதைபோல் எளிதாகத் தோன்றுவதால், பெரும்பாலானோர் அதை ஒருமுறை வாசித்துவிட்டு மரபியலுக்குப் போய்விடுகிறார்கள். தேர்வறையில் விலங்கின் பெயரும் அதன் சிறப்பும் நினைவுக்கு வந்தாலும், அந்தச் சிறப்பு உயிரை எவ்வாறு காக்கிறது என்று எழுத வரி கிடைப்பதில்லை. நான் படித்தபோது, சூழல் தரும் நெருக்கடி எது, அதற்கு உடலிலோ நடத்தையிலோ உள்ள ஏற்பாடு எது, அது செயல்படும் முறை என்ன என்ற மூன்றையும் சேர்த்தே குறிப்பெடுத்தேன்.

ஒட்டகத்தின் திமிலில் இருப்பது கொழுப்பு, தண்ணீர் அன்று. கொழுப்பு ஓரிடத்தில் திரண்டிருப்பதால் உடலின் மற்ற பகுதிகளிலிருந்து வெப்பம் தடையின்றி வெளியேறுகிறது. நீர்ச் சிக்கனம் வேறு வழியில் நடக்கிறது. நீரின்றி இருக்கும் ஒட்டகத்தின் உடல் வெப்பநிலை விடியற்காலையில் சுமார் 34 டிகிரி செல்சியஸ் அளவில் இருந்து பிற்பகலில் 40 டிகிரியை எட்டும்வரை உயர்கிறது. அதுவரை அதிகம் வியர்க்க வேண்டியதில்லை என்பதால் நீர் உடலிலேயே தங்குகிறது, பகலில் ஏறிய வெப்பமோ குளிர்ந்த இரவில் வெளியேறிவிடுகிறது. நீண்ட இமை, அகன்ற பாதம் என்று சிறப்புகளை அடுக்கிக்கொண்டே போவதைவிட, இந்த ஒரு செயல்முறையைத் தெளிவாக எழுதுவதே மேல் என்பது என் கருத்து.

நடத்தைசார் தகவமைப்புக்குப் புத்தகமே வேண்டாம். காலையில் மதிற்சுவரில் உடலைத் தட்டையாக்கி வெயிலில் கிடக்கும் ஓணான், சூடு ஏறியதும் நிழலுக்கு நகர்வதைச் சற்று நேரம் நின்று பார்த்தால், உள்ளிருந்து வெப்பத்தைச் சீராக்க இயலாத விலங்கு இடம் மாறியே அதைச் செய்துகொள்கிறது என்பது மறக்காது.

வெப்பப் பகுதி விலங்குகளைவிடக் குளிர்ப்பகுதி விலங்குகளுக்குக் காது, கால், வால் போன்ற உறுப்புகள் சிறிதாக இருக்கும் என்பது ஆலன் விதி, உடலின் மொத்த அளவு பெரிதாக இருக்கும் என்பது பெர்க்மான் விதி. சிறிய காதுடைய துருவ நரியையும், அதைவிடச் சிறிய உடலும் மிகப் பெரிய காதுகளும் கொண்ட சகாராவின் ஃபென்னெக் நரியையும் அருகருகே வரைந்தால் இரண்டு விதிகளுக்கும் அதுவே போதும்.

‘எதிரியிடமிருந்து தப்பத் தன் நிறத்தை மாற்றிக்கொண்டது’ என்ற வகை வாக்கியத்தை விடைத்தாளில் தவிர்க்க வேண்டும். காமன் மார்மன் வண்ணத்துப்பூச்சியின் பெண்களில் ஒரு வகை, புழுப்பருவத்தில் ஆடுதின்னாப்பாளை இனச் செடிகளைத் தின்று நஞ்சேறிய காமன் ரோஸ் வண்ணத்துப்பூச்சியைப் போலவே இருக்கும். பறவைகள் நஞ்சுள்ளதை ஒதுக்கும்போது அதைப் போன்றவையும் தப்பிப் பிழைத்து முட்டையிட்டதால்தான் அந்தத் தோற்றம் தலைமுறைகளில் நிலைபெற்றது. எந்தப் பூச்சியும் அதற்காக முயலவில்லை. இவ்வகைப் போலித்தோற்றத்தை அமேசான் காட்டு வண்ணத்துப்பூச்சிகளைக் கொண்டு ஹென்றி வால்டர் பேட்ஸ் 1862-இல் விளக்கினார்.

சமவெளியிலிருந்து உயர்ந்த மலைக்குச் சென்று தங்குபவரின் உடலில் சில வாரங்களில் சிவப்பணுக்கள் கூடுவதையும் இத்தகைய மரபுவழித் தகவமைப்பிலிருந்து பிரித்தே எழுத வேண்டும். அவர் கீழே இறங்கித் தங்கினால் அந்த எண்ணிக்கை பழைய நிலைக்குத் திரும்பிவிடும். பிள்ளைகளுக்கும் அது கடத்தப்படாது.