நான்கு வெற்றுக் கட்டங்கள்

நூற்பாலைகளுக்கு உதிரிபாகங்கள் விற்கும் கோவை நிறுவனம் ஒன்றில் பதினோரு ஆண்டுகள் வேலை பார்த்தேன். ரிங் டிராவலர் (நூலை வழிநடத்தி வளையத்தில் ஓடும் சிறு உலோகத் துண்டு), காட்ஸ், ஏப்ரன், ஸ்பிண்டில் டேப் என, ஓட ஓடத் தேய்ந்து மாற்ற வேண்டிய பொருள்கள்தான் எங்கள் வியாபாரம். திண்டுக்கல், ராஜபாளையம், உடுமலைப் பக்கத்து மில்களிலிருந்து ஆண்டு முழுவதும் ஆர்டர் வரும். விலை மாற்றம், சரக்கு அனுப்பிய விவரம், பாக்கி நினைவூட்டல் என்று வாடிக்கையாளர்களுக்குப் போகும் மின்னஞ்சல்கள் அனைத்தும் என் பொறுப்பில் இருந்தன.

2015இல் நிறுவனத்தின் லோகோ மாறியது. அதோடு மின்னஞ்சலுக்கும் ஒரு வடிவமைப்பு வந்தது. மேலே நீலப்பட்டை, அதில் தொழிற்சாலையின் படம், கீழே நான்கு கட்டங்கள். கட்டத்துக்கு ஒரு பொருள் வகை, அதன் புதிய விலை. எழுத்துரு அழகாக வர வேண்டும் என்பதற்காக விலைகளையும் படமாகவே செய்திருந்தார்கள். என் திரையில் பார்த்தபோது எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. அந்த ஆண்டின் விலை மாற்றக் கடிதம் அந்த உடையில்தான் போனது.

மூன்று வாரம் கழித்து திண்டுக்கல் மில் ஒன்றிலிருந்து பழைய விலையிலேயே ஆர்டர் வந்தது. ஸ்டோர்ஸ் பொறுப்பாளரைத் தொலைபேசியில் அழைத்தேன். “தம்பி, உங்கள் மெயிலைத் திறந்தேன். நான்கு வெற்றுக் கட்டம், மூலைக்கு ஒரு சிவப்புப் பெருக்கல் குறி. அதற்கு மேல் ஒன்றும் இல்லையே” என்றார். அவருடையது அவுட்லுக் என்ற மின்னஞ்சல் மென்பொருள். வெளியிலிருந்து வரும் படங்களை நாம் அனுமதிக்கும்வரை அது இறக்காது. படம் தெரியாத இடத்தில் காட்டுவதற்கென்று எழுத வேண்டிய மாற்று வரியை யாரும் எழுதவில்லை. எழுதச் சொல்ல வேண்டிய நானும் சொல்லவில்லை. அந்த ஆர்டரைப் பழைய விலைக்கே கொடுத்தோம். அதுதான் நியாயம்.

அடுத்த வாரம் நேரில் போனேன். அவர் அறையில் உட்கார்ந்திருந்த ஒன்றரை மணி நேரம் எனக்குப் பெரிய பாடம். ஒரு மின்னஞ்சல் வந்து சேர்ந்த பிறகு அதற்கு என்னவெல்லாம் நேர்கிறது என்று அதுவரை நான் யோசித்ததே இல்லை. அவர் அதை அச்செடுக்கிறார், துளையிட்டுக் கோப்பில் சேர்க்கிறார். தணிக்கைக்கு வருபவர்கள் காகிதத்தைத்தான் கேட்பார்கள். எங்கள் கடிதத்தை அச்செடுத்தால் முதல் பக்கம் முழுவதையும் நீலப்பட்டை தின்றுவிடுகிறது. அடுத்து, அதை ஸ்பின்னிங் மாஸ்டருக்கு முன்னனுப்புகிறார். அங்கே கட்டங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கலைந்துபோகின்றன. விண்டோஸ் அவுட்லுக் 2007 பதிப்பு தொடங்கி மின்னஞ்சலை வேர்ட் மென்பொருளின் வழியாகத்தான் வரைந்து காட்டியது. உலாவியில் ஒழுங்காக நிற்கும் அமைப்பு அங்கே நிற்பதில்லை. கடைசியாக, பொருள் எண்ணை நகலெடுத்துத் தன் கொள்முதல் நிரலில் ஒட்டப் பார்க்கிறார். படத்திலிருந்து எப்படி நகலெடுப்பது? ஒவ்வொரு எண்ணையும் பார்த்துப் பார்த்துத் தட்டச்சு செய்கிறார். டிராவலர் எண்ணில் ஒரு இலக்கம் மாறினால் போதும், வந்து சேரும் டிராவலரின் எடை மாறிவிடும், நூல் அறுந்துகொண்டே இருக்கும்.

ஊர் திரும்பியதும் விலைக் கடிதத்தை வெறும் எழுத்தாக எழுதினேன். எந்தத் தேதி முதல் என்பது முதல் வரி. எவற்றுக்கு விலை மாறுகிறது, எவற்றுக்கு மாறவில்லை என்பது அடுத்து. கடைசியில் என் பெயரும் கைப்பேசி எண்ணும்.

பதில்கள் வரத் தொடங்கின. இதை நான் எதிர்பார்க்கவில்லை. அலங்காரமாகப் போன கடிதத்துக்கு ஒருவர்கூடப் பதில் எழுதியதில்லை. செய்தித்தாளுக்குள் மடித்து வரும் துண்டுப் பிரசுரத்துக்கு யார் பதில் எழுதுவார்கள்? பெயர் போட்டு வந்த கடிதம் அப்படியல்ல. அதற்குப் பதில் எழுதாமல் விடுவது நம் ஊர்க்காரர்களுக்கு மனக்குறை. ஒரு மில்லிலிருந்து, “இந்த டிராவலரை நாங்கள் நிறுத்தி ஓர் ஆண்டாகிறது, வேறு வடிவத்துக்கு மாறிவிட்டோம்” என்று எழுதினார்கள். அந்த ஓர் ஆண்டும் அவர்களுக்கென்று கிடங்கில் சரக்கு வைத்திருந்தோம்.

வடிவமைப்பை விடக் கூடாது என்று வாதாடிய நண்பர் ஒருவர் அலுவலகத்தில் இருந்தார். எத்தனை பேர் திறந்து பார்த்தார்கள் என்ற கணக்கு அதில் கிடைக்கிறது என்பது அவர் கட்சி. அந்தக் கணக்கு கடிதத்துக்குள் ஒளித்து வைக்கும், கண்ணுக்குத் தெரியாத ஒரு சிறு படத்தைக் கொண்டு எடுப்பது. படத்தைத் தடுத்துவிட்டுக் கடிதத்தை முழுதாகப் படித்தவர் அதில் வரமாட்டார். பின்னாளில், 2021 செப்டம்பரில், ஆப்பிள் தன் அஞ்சல் செயலியில் புதிய தனியுரிமை ஏற்பாட்டைக் கொண்டுவந்த பிறகு, திறக்காத கடிதத்தின் படமும் முன்கூட்டியே இறங்கித் திறந்ததாகக் கணக்காகிறது. அன்றைக்கே பிழையாக இருந்த அந்த எண்ணை வைத்துக்கொண்டு மாதாமாதம் கூட்டம் போடுவதில் எனக்கு மனம் ஒப்பவில்லை. எத்தனை பேர் பதில் எழுதினார்கள் என்று எண்ணுவோம் என்றேன். அவர் நல்லவர்; ஒரு காலாண்டு எண்ணிப் பார்த்துவிட்டு ஒத்துக்கொண்டார்.

அந்த உற்சாகத்தில் நான் எல்லைமீறிப் போனதையும் சொல்ல வேண்டும். சரக்கு அனுப்பிய விவரத்தையும் வெறும் எழுத்தாக்கினேன். பொருள் எண், பெட்டிக் கணக்கு, லாரி ரசீது எண் என்று இடைவெளி விட்டு விட்டு நெடுவரிசையாகத் தட்டச்சு செய்தேன். எழுத்துக்கெல்லாம் ஒரே அகலம் உள்ள எழுத்துருவில் என் கணினியில் அணிவகுப்புப் போல் நின்றது. கைப்பேசியில் வரிகள் மடிந்து, ஒரு பொருளின் பெட்டிக் கணக்கு அடுத்த பொருளுக்கு நேரே போய் விழுந்தது. உடுமலையில் ஒருவர் அதை நம்பி, வந்த சரக்கு குறைவு என்று லாரிக்காரரோடு வாக்குவாதம் செய்திருக்கிறார். தவறு முழுக்க என்னுடையது. அவரிடமும் லாரி அலுவலகத்திலும் மன்னிப்புக் கேட்டேன்.

அட்டவணைக்கு வடிவம் வேண்டும். அதைப் புரிந்துகொண்ட பிறகு அனுப்பீட்டுக் கடிதத்துக்கு மட்டும் ஒரு வார்ப்புரு செய்தோம். படம் கிடையாது, நிறம் கிடையாது. கறுப்புக் கோடு போட்ட ஒரே அட்டவணை. வெளிமாநிலச் சரக்குக்கு 2018 ஏப்ரல் 1 முதல் இ-வே பில் என்ற மின்னணு ஆவணம் கட்டாயமானபோது அந்த எண்ணுக்கும் ஒரு வரி சேர்ந்தது. இந்தக் கடிதத்துக்கு யாரும் பதில் எழுத வேண்டியதில்லை. வாயிலில் லாரி நிற்கும்போது ஒப்பிட்டுப் பார்த்தால் போதும்.

வெறும் எழுத்து, வடிவமைப்பு இரண்டையும் ஒரே உறையில் வைக்கும் வழி வெகுகாலமாகவே இருக்கிறது. நதானியேல் போரென்ஸ்டைனும் நெட் ஃப்ரீடும் 1992இல் எழுதிய, மின்னஞ்சலின் உள்ளடக்கம் எப்படி அமைய வேண்டும் என்று சொல்லும் மைம் தரத்திலேயே அதற்கு இடம் வைத்திருந்தார்கள்: எளிய வடிவம் முதலில், வளமானது கடைசியில், பெறுபவரின் மென்பொருள் தன்னால் காட்ட முடிந்ததில் சிறந்ததை எடுத்துக்கொள்ளும். எவ்வளவு மரியாதையான ஏற்பாடு! பல நிரல்கள் அந்த எளிய பகுதியைத் தாமாக நிரப்பி, நீண்ட இணைப்புகளின் குப்பையாக்கிவிடுகின்றன. நான் எளிய பகுதியைத்தான் முதலில் கையால் எழுதுவேன். அதில் நிற்காத செய்தியை எந்த நீலப்பட்டையும் காப்பாற்றியதில்லை.

தமிழில் போகும் கடிதங்களுக்குத் தனிக் கதை உண்டு. நான் சேருவதற்கு முன்பிருந்தே ஆயுத பூஜை வாழ்த்தும் விற்பனையாளர் சுற்றறிக்கையும் படமாகத்தான் போய்க்கொண்டிருந்தன. எழுத்துருவுக்கு எழுத்துரு குறியீடு மாறிய காலத்தில், அனுப்பியவரின் தமிழ் பெறுபவரிடம் புரியாத குறிகளாகப் போய்ச் சேரும். அந்த அச்சத்தில் தொடங்கிய பழக்கம். எல்லா எழுத்துருவுக்கும் பொதுவான குறியீடான ஒருங்குறி வந்து நிலைத்த பிறகும் பழக்கம் போகவில்லை. சுற்றறிக்கையை எழுத்தாக மாற்றியது எனக்கு மிகுந்த நிறைவைத் தந்த வேலை. தேடினால் கிடைக்கிற தமிழ், விரலால் பெரிதாக்கிப் படிக்கிற தமிழ். வாழ்த்தை மட்டும் படமாகவே விட்டேன். சந்தனமும் குங்குமமும் இட்ட எந்திரத்தைக் கண்ணால் பார்க்கத்தானே வேண்டும்.

வேலையை விடுவதற்குச் சில மாதங்களுக்கு முன் அதே திண்டுக்கல் மில்லுக்கு மறுபடி போனேன். பழைய பொறுப்பாளர் ஓய்வு பெற்றிருந்தார்; அவர் இடத்தில் இருந்த அம்மா எங்கள் கோப்பை எடுத்துப் பிரித்தார். அனுப்பீட்டுக் கடிதங்கள் ஒவ்வொன்றும் ஒரே பக்கத்தில் அச்சாகியிருந்தன. ஒவ்வொரு வரிக்கும் எதிரே ஓரத்தில் சிவப்பு மையில் சரி குறி. ஓரிடத்தில் 40ஐ அடித்து 38 என்று எழுதிக் கையெழுத்து. “ஓரம் பற்றவில்லை சார். வலப்பக்கம் ஒரு பத்தி காலியாக விட்டால் வரவு எண்ணிக்கையை எழுத வசதியாக இருக்கும்” என்றார்.

அன்று மாலையே அந்தப் பத்தியைச் சேர்த்தோம்.