ஐபி போன் மாட்டும் முன் ஸ்விட்சையும் ரூட்டரையும் கவனியுங்கள்

அலுவலகத்தில் ஐபி போன் (நெட்வொர்க் கேபிள் வழியாகப் பேசும் போன்) வைக்கும் வேலையில் போனுக்கு ஆகும் நேரம் கொஞ்சம்தான். ஆளைச் சுற்றவிடுவது, போன்களை நெட்வொர்க்கில் இணைக்கும் ஸ்விட்சும் இணையத்தோடு சேர்க்கும் ரூட்டரும்.

முதலில் மின்சாரக் கணக்கு. கேபிள் வழியாகவே மின்சாரம் தரும் பிஓஇ ஸ்விட்சில் 24 போர்ட் இருந்தால் 24 போனும் ஓடும் என்று நினைக்க வேண்டாம். மொத்தம் எத்தனை வாட் என்று பாருங்கள். போனுக்கு எவ்வளவு மின்சாரம் தேவை என்பதைக் காட்டும் தரம்தான் கிளாஸ். கிளாஸ் 2 போனுக்கு 7 வாட் ஒதுக்கினால் 24-க்கு 168 வாட். கிளாஸ் 3 போன் என்றால் ஒவ்வொன்றுக்கும் 15.4 வாட். கிளாஸ்படி ஒதுக்கும் 190 வாட் ஸ்விட்சில் 12 போன் எழும்பும், 13-ஆவது எழும்பாது. பழி கேபிள் மேல் விழும்.

அடுத்து, குரலுக்கென்று தனி விலான், அதாவது ஒரே ஸ்விட்சுக்குள் பிரித்த தனி நெட்வொர்க். போனின் பின்னாலுள்ள போர்ட்டில் கம்ப்யூட்டரையும் மாட்டுவதால் ஒரே கேபிளில் இரண்டும் வரும்: போன் விலான் எண்ணைக் காட்டும் டேக்கோடு, கம்ப்யூட்டர் டேக் இல்லாமல். விலான் எண்ணைப் போனுக்குச் சொல்வது எல்எல்டிபி-மெட் என்ற, ஸ்விட்ச் போனோடு பேசும் முறை. கம்ப்யூட்டர் விலானின் ஐபியைப் போன் வாங்கியிருந்தால் முதலில் எல்எல்டிபி-மெட் ஆன் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள்.

குரல் உடைந்தால் உடனே இணைய வேகத்தைக் கூட்டச் சொல்வார்கள். குரலை டேட்டாவாக மாற்றும் ஜி.711 கோடெக்கில் ஓர் அழைப்புக்கு ஒவ்வொரு திசையிலும் சுமார் 87 கேபிபிஎஸ். பத்து அழைப்பு சேர்ந்தாலும் 1 எம்பிபிஎஸ் வராது. யாரோ பெரிய ஃபைலை அப்லோட் செய்யும்போது ரூட்டரில் வரிசை நிரம்புவதுதான் பெரும்பாலும் காரணம். அப்லோடை உண்மையான வேகத்தில் 90 சதவீதத்தோடு ரூட்டரிலேயே நிறுத்தி, டிஎஸ்சிபி 46 (குரலுக்கான முன்னுரிமைக் குறி) குறியிட்ட பாக்கெட்டுக்கு முதலிடம் கொடுங்கள். குறி மட்டும் போட்டு, ரூட்டரில் வரிசை அமைக்காமல் விட்டால் பயனில்லை.

அழைப்பைத் தொடங்கவும் முடிக்கவும் போன்கள் பரிமாறும் செய்தி முறைதான் எஸ்ஐபி. எஸ்ஐபி ஏஎல்ஜி என்ற வசதி ரூட்டரில் இருந்தால் அணைத்துவிடுங்கள். உதவுவதாக நினைத்து எஸ்ஐபி செய்திக்குள் இருக்கும் முகவரிகளை அது திருத்தும். தவறாகத் திருத்தினால் ஒருபக்கக் குரல்தான் கேட்கும். அழைப்பு சரியாக 32 விநாடியில் அறுந்தால் குரலை விட்டுவிட்டு சிக்னலை, அதாவது எஸ்ஐபி செய்திகளைப் பாருங்கள். எடுத்த பக்கத்துக்கு, உறுதி சொல்லும் ஏசிகே செய்தி வந்து சேரவில்லை. அவ்வளவு நேரம் காத்துப் பார்த்துவிட்டு அது துண்டிக்கிறது.

பாதுகாப்பை, போன் வெளியே பேசத் தொடங்கும் முன்பே முடித்துவிட வேண்டும். எஸ்ஐபி செய்தி வரும் 5060 என்ற எண்ணுள்ள நெட்வொர்க் வாசலை (இதையும் போர்ட் என்பார்கள்) இணையம் முழுக்கத் திறந்து வைத்தால், திறந்த வாசலைத் தேடும் ஸ்கேனர் நிரல்கள் தேடி வரும். எக்ஸ்டென்ஷன் (போனின் உள் எண்) 101, பாஸ்வேர்டும் 101 என்றிருந்தால் வெளிநாட்டு அழைப்புகளுக்கான பில் உங்கள் தலையில். இந்தத் திருட்டு அழைப்புகளைப் பெரும்பாலும் ஆள் இல்லாத இரவிலும் விடுமுறையிலும்தான் செய்வார்கள். அழைப்புச் சேவை தருபவரின் ஐபிக்கு மட்டும் ஃபயர்வாலில் வழி விடுங்கள். வீட்டிலிருந்து பேசுபவர்கள் விபிஎன் (பூட்டிய தனி வழி) வழியாக வரட்டும். பாஸ்வேர்ட் ஒவ்வொரு எக்ஸ்டென்ஷனுக்கும் வேறு வேறாக, 20 எழுத்துக்குக் குறையாமல், பொருளற்றதாக இருக்கட்டும். வெளிநாட்டு அழைப்பை மொத்தமாகப் பூட்டிவிட்டு, தேவைப்படும் எக்ஸ்டென்ஷனுக்கு மட்டும் திறந்தால் போதும்.

பலர் கவனிக்காத ஓட்டை, போன் தன் அமைப்புகளை இறக்கிக்கொள்ளும் ஃபைல். எஸ்ஐபி பாஸ்வேர்ட் அதற்குள்தான் இருக்கும். ஃபைலின் பெயரோ பெரும்பாலும் போனின் மேக் முகவரி (கருவிக்கென்றுள்ள எண்), அது போனின் அடியிலேயே ஒட்டியிருக்கும். பாஸ்வேர்ட் கேட்காமல் ஃபைல் தரும் டிஎஃப்டிபி முறையில் வைத்தால் நெட்வொர்க்கில் இருக்கும் எவரும் எடுத்துக்கொள்ளலாம். எச்டிடிபிஎஸ்ஸுக்கு மாற்றி, போனின் சான்றிதழையும் சர்வர் சரிபார்க்கும்படி வையுங்கள்.

குரலைப் பூட்டும் எஸ்ஆர்டிபி மட்டும் போட்டு, எஸ்ஐபி செய்தியைப் பூட்டும் டிஎல்எஸ்ஸை விட்டுவிடாதீர்கள். எஸ்டெஸ் என்ற சாவி பரிமாறும் முறையில் குரலைப் பூட்டும் சாவி எஸ்ஐபி செய்திக்குள்ளேயே போகிறது. செய்தி திறந்திருந்தால் பூட்டியும் வீண். டிஎல்எஸ் போட்ட பின் போன் பதிவாகவில்லையா? கடிகாரத்தைப் பாருங்கள். நேரம் சொல்லும் என்டிபி கிடைக்காத போன் பழைய தேதியில் நிற்கும், சான்றிதழ் செல்லாது என்று மறுக்கும்.

சோதிக்கும்போது ஓர் அழைப்பையாவது 20 நிமிடம் விட்டுவையுங்கள். அழைப்பு இன்னும் இருக்கிறதா என்று பார்க்கும் வழக்கமான 1800 விநாடி செஷன் டைமரில் பாதி நேரத்தில், அதாவது 15-ஆவது நிமிடத்தில், புதுப்பிக்கும் செய்தி போகும். அதை ஃபயர்வால் தடுப்பது குறுகிய அழைப்புகளில் வெளியே தெரியாது.