பெயர் தெரியாத மாதிரிக்கு அனுமதி இல்லை

புதுச்சேரிக்கு வடமேற்கே உள்ள பாலியோசீன் காலக் (டைனோசர்கள் அழிந்ததை அடுத்து வந்த காலம்) களிமண்ணிலிருந்து மிதவை ஃபோராமினிஃபெராக்களை (கடலில் மிதந்து வாழ்ந்த, ஓடுள்ள ஒற்றைச் செல் உயிரிகளின் புதைபடிவங்கள்; சுருக்கமாக ஃபோராம்) பிரித்தெடுத்து, அவற்றில் ஒன்று மொரோசோவெல்லா பேரினத்தின் வெலாஸ்கோயென்சிஸ் இனம் என்று உறுதிசெய்து ஆய்வேட்டையும் கொடுத்தாயிற்று. நிம்மதியைவிட எரிச்சல்தான் இன்னும் மிச்சமிருக்கிறது. இந்த வேலையில் இறங்கப்போகிறவர்கள் படித்துவிட்டு இறங்குங்கள்.

முதல் அலைச்சல் மண்ணுக்காக. இந்த மண்ணைப் பற்றிய கட்டுரைகளில் வரும் மணவெளி, கரசூர் என்ற ஊரைப் போல நகருக்கு வடமேற்கில் இருப்பது. வண்டி ஏற்பாடு செய்தவர், "மணவெளிதானே, எனக்குத் தெரியாதா அம்மா" என்று தெற்கே அரியாங்குப்பம் பக்கம் இருக்கும் மணவெளிக்கு அழைத்துப்போய் இறக்கிவிட்டார். தேர்தல் நேரத்தில் எல்லோர் வாயிலும் அடிபடும் மணவெளி அதுதான். பாலியோசீனுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. வரைபடத்தில் புள்ளி வைத்துக் கொடுங்கள், ஊர்ப்பெயரை மட்டும் சொல்லி அனுப்பாதீர்கள்.

சரியான இடத்துக்குப் போய்ச் சேர்ந்தால், சீனியர்கள் மண் எடுத்த, கிணறு தோண்டிக் கொட்டிய மண்மேட்டை யாரோ மனை நிரப்ப லாரியில் ஏற்றிவிட்டிருந்தார்கள். நிலத்துக்காரப் பெரியவர் இரக்கப்பட்டு, கிணற்றுக்குள் படிக்கட்டை ஒட்டித் தெரிந்த சாம்பல் நிறக் களியைக் காட்டினார். அதுவே நல்லதாகப் போயிற்று. மேட்டில் எந்த ஆழத்து மண் எங்கே கிடக்கிறது என்று யாராலும் சொல்ல முடியாது. சுவரில் அளவுநாடாவைத் தொங்கவிட்டு அடி அடியாக எடுக்கலாம். ஆழ்துளைக் கிணற்றுத் தூள் தருவதாக யாராவது சொன்னால் யோசித்து வாங்குங்கள். மேல்மண் சரிந்து கீழ்மண்ணோடு கலந்துவிடும் என்பதால், கீழிருந்து மேலே வரும்போது ஓர் இனம் எந்த மட்டத்தோடு நின்றுபோகிறது என்பதை மட்டுமே அதில் நம்பலாம். மேலே பரவிக் கிடக்கும் சிவப்பு, கடலூர் மணற்கல். திருவக்கரையில் பார்க்கும் கல்மரங்கள் அந்த அடுக்கைச் சேர்ந்தவை. மிதவை ஃபோராமுக்காக அதைத் தோண்டிக்கொண்டிருக்காதீர்கள்.

ஹைட்ரஜன் பெராக்சைடில் ஊறவைத்து, 63 மைக்ரான் சல்லடையில் கழுவி, ஓவனில் உலர்த்தியது எல்லாம் சிக்கலில்லாமல் முடிந்தது. இரண்டு எச்சரிக்கைகள் மட்டும். களி கரையவில்லை என்று பக்கத்து மேசைக்காரர் அமிலக் குப்பியை நீட்டினால் வாங்காதீர்கள். ஃபோராமின் ஓடு கால்சைட் (கால்சியம் கார்பனேட்), களிக்கு முன்னால் அதுதான் கரையும். ஒரு மாதிரி முடிந்ததும் சல்லடையை மெத்திலீன் நீலத்தில் முக்கி எடுங்கள். கண்ணியில் சிக்கிய பழைய ஓடுகள் நீலமாகிவிடும், அடுத்த மாதிரியில் அவை வந்து விழுந்தால் உடனே பிடித்துவிடலாம்.

இனி எலெக்ட்ரான் நுண்ணோக்கிக் கதை. கருவிக்கூடத்துப் படிவத்தில் 'மாதிரியின் பெயர்' என்று ஒரு கட்டம். 'அடையாளம் காணப்பட வேண்டியது' என்று எழுதினேன். எழுத்தர் பார்த்துவிட்டு, "பெயர் தெரியாததையெல்லாம் கருவிக்குள் வைக்க முடியாது அம்மா. தெரிந்துகொண்டு வாருங்கள்" என்று தள்ளிவிட்டார். தெரிந்துகொள்ளத்தானே ஐயா வந்திருக்கிறேன் என்றேன். அடுத்தவரின் கோப்பைப் பிரித்துக்கொண்டார். வழிகாட்டியின் கையெழுத்தோடு 'ஃபோராமினிஃபெரா' என்று எழுதிக்கொண்டு போனேன். உயிருள்ளதா என்று கேட்டார். ஐந்தரைக் கோடி ஆண்டுகளுக்கும் முன்பே செத்துப்போனது என்றேன். உயிரியல் மாதிரி என்றால் அதற்குத் தனிப் படிவமாம், துறைத்தலைவர் முத்திரையும் வேண்டுமாம். வெளியே வேதியியல் மாணவி ஒருத்தி காதைக் கடித்தாள்: "அக்கா, எதனால் ஆனதோ அதை எழுதுங்கள்." 'கால்சியம் கார்பனேட், தூள்' என்று எழுதினேன். நிமிர்ந்துகூடப் பார்க்காமல் தேதி கொடுத்துவிட்டார்.

உள்ளே கருவியை இயக்குபவருக்கோ, ஒரு தூளுக்கு ஒரு படம் எடுத்தால் போதும். ஃபோராமுக்குச் சுருள் பக்கம், தொப்புள் பக்கம் (நடுவில் குழி உள்ள பக்கம்), விளிம்பு என்று மூன்று கோணம் இல்லாமல் பெயர் சொல்ல முடியாது. கார்பன் டேப்பில் ஒட்டித் தங்கம் பூசிய பிறகு ஓட்டைத் திருப்பிப் போடுவது நடக்காத காரியம். நல்லவேளையாக, ஒரே வகையில் மூன்று ஓடுகளை மூன்று விதமாகக் கிடத்தி ஒட்டியிருந்தேன். வரிசையைக் காகிதத்தில் வரைந்து கையில் வைத்திருங்கள்; அதை நீட்டிய பிறகுதான் அவரும் பொறுமையாக எடுத்துக்கொடுத்தார்.

படம் வந்ததும் வேலை சூடுபிடித்தது. சுருள் பக்கம் தட்டை, தொப்புள் பக்கம் கூம்பு, ஓரம் முழுக்க வரப்பு கட்டியதுபோல் கீல். கீல் இருப்பதால் அகாரினினா என்ற பேரினம் இல்லை. கடைசிச் சுற்றில் ஏழு அறைகள், தொப்புள் அகலம், அதைச் சுற்றி அறைகளின் தோள்கள் உயர்ந்து, முள்போன்ற சிறு கொப்புளங்கள் மண்டிக் கிடந்தன. மொரோசோவெல்லாவிலேயே அக்யூட்டா என்ற இனமாக இருந்தால் அறைகள் குறையும்; ஆக்லூசா என்ற இனமாக இருந்தால் தொப்புள் குறுகியிருக்கும், தோளில் இவ்வளவு அலங்காரமும் இருக்காது. சீனியர் விட்டுப்போன ஸ்லைடில் இதே உருவத்துக்கு 'குளோபோரோடாலியா' என்று சீட்டு ஒட்டியிருந்தது. அது பழைய பேரினப் பெயர். 1960-களின் கட்டுரைகளோடு ஒப்பிடுகிறவர்கள் முதலில் பழைய பெயருக்குப் புதுப்பெயர் எது என்று ஒரு பட்டியல் போட்டுக்கொள்ளுங்கள். மைக்ரோடாக்ஸ் தளத்தில் இலவசமாகப் பார்க்கலாம்.

ஆய்வேட்டு விளக்க ஒத்திகையில், மண்ணின் காலத்தைக் குறிக்கும் ஃபோராம் மண்டலத்தை (கீழிருந்து மேலாகப் பி3, பி4, பி5 என்று எண்ணிட்டவை) பற்றிப் பேச்சு வந்தது. ஒருவர், "வெலாஸ்கோயென்சிஸ் வந்துவிட்டதே, வெலாஸ்கோயென்சிஸ் மண்டலம் என்று போட்டு முடி" என்றார். முடியாது என்றேன். அந்தப் பெயர் தாங்கிய பி5 மண்டலம், குளோபனோமலினா சூடோமெனார்டி என்ற இன்னோர் ஃபோராம் இனம் அற்றுப்போன பிறகே தொடங்குகிறது. வெலாஸ்கோயென்சிஸோ பி3-லேயே தலைகாட்டிவிட்ட இனம். பெரிய ஓடுகளோடு நிறுத்தாமல் சின்னச் சல்லடையில் தங்கியதையும் துழாவினேன். வழவழப்பான, சப்பையான, மெல்லிய கீல் உள்ள சூடோமெனார்டி அதே மாதிரியிலேயே கிடைத்தது. அந்த இனம் தோன்றியதிலிருந்து அற்றுப்போகும் வரை உள்ளது பி4 மண்டலம். எனவே பி4. ஒத்திகைக்காரர் அதற்குப் பிறகு மண்டலம் பற்றி வாய் திறக்கவில்லை.

கடைசி அடி டி.டி.பி. கடையில். ஃபோராம் ஆய்வாளர் குஷ்மன் 1925-இல் வெலாஸ்கோயென்சிஸைப் புல்வினுலினா பேரினத்தில் வைத்து விவரித்தார். பிறகு பேரினம் மாறியதால் அவர் பெயர் அடைப்புக்குறிக்குள்தான் வர வேண்டும். மாறாதிருந்தால் குறி கூடாது. சில பெயர்களுக்குக் குறி இருக்கிறது, சிலவற்றுக்கு இல்லை என்று கண்ட கடைக்காரர், 'ஒரே மாதிரி' ஆக்கித் தருவதாக எல்லாக் குறிகளையும் நீக்கிவிட்டார். பைண்டிங்குக்கு முந்தைய இரவு அட்டவணையைப் புரட்டியபோது கண்ணில் பட்டது. விடிய விடிய உட்கார்ந்து ஒவ்வொரு பெயராகச் சரிபார்த்துத் திரும்பப் போட்டேன். திருத்தியதற்கும் பக்கக் கணக்கில் காசு வாங்கிக்கொண்டார்.