ஃபியூஸ் இருந்த இடத்தில் ஒரு பல்பு

பழனியிலிருந்து இரவில் திண்டுக்கல் திரும்பிக்கொண்டிருந்தோம். ஒட்டன்சத்திரம் தாண்டியதும் மீட்டர் போர்டு இருண்டது. ஹெட்லைட் எரிந்ததால் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பின்னால் வந்த லாரிக்காரர் விடாமல் ஹாரன் அடித்து, பக்கத்தில் வந்து "சார், பின்னாடி லைட்டே இல்ல" என்று கத்தியபோதுதான் வயிறு கலங்கியது. பின் சீட்டில் பிள்ளைகள் இரண்டு பேரும் தூங்கிக்கொண்டிருந்தார்கள். நான்கு இண்டிகேட்டரையும் போட்டுக்கொண்டு ஓரமாகவே ஊர் வந்து சேர்ந்தோம்.

காலையில் பார்த்தால், பார்க் லைட்டுக்கான (முன்னும் பின்னும் எரியும் சின்ன விளக்குகள், மீட்டர் போர்டு விளக்குக்கும் இதுதான்) 10 ஆம்பியர் சிவப்பு ஃபியூஸ் போயிருந்தது. புதிது போட்டேன், இரண்டு நாள் தாங்கியது. அடுத்தது அரை மணி நேரம்.

தெரிந்த எலெக்ட்ரீஷியன் ஒருவர் "20 ஆம்பியர் போடுங்க, போகாது" என்றார். தயவுசெய்து இதை மட்டும் செய்யாதீர்கள். என் வண்டியில் பார்க் லைட் நான்கு, நம்பர் பிளேட் லைட் இரண்டு, ஒவ்வொன்றும் 5 வாட். மொத்தம் 30 வாட். 12 வோல்ட்டில் இரண்டரை ஆம்பியர்தான். மீட்டர் போர்டைச் சேர்த்தாலும் மூன்றைச் சுற்றித்தான் வரும். அதற்கே 10 ஆம்பியர் ஃபியூஸ் போகிறது என்றால் எங்கோ ஒயர் பாடியைத் தொடுகிறது. பெரிய ஃபியூஸ் போட்டால் சூடு முழுக்க அந்த மெல்லிய ஒயருக்குத்தான்.

அரசுப் பேருந்துப் பணிமனையில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற சித்தப்பாவிடம் போனில் சொன்னேன். "எதுக்குடா ஃபியூஸா வாங்கிப் போடுற? அந்த இடத்துல ஒரு பல்பை மாட்டு" என்றார். போன ஃபியூஸின் இரண்டு கால்களிலும் ஒயர் பற்றவைத்து, 21 வாட் இண்டிகேட்டர் பல்பு ஒன்றை ஹோல்டரோடு இணைத்தேன். ஷார்ட் ஆனால் பல்பு பிரகாசமாக எரியும். அதன் வழியே இரண்டு ஆம்பியருக்கு மேல் போகாது என்பதால் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் தேடலாம்.

ஷார்ட் இல்லாதபோதும் அவற்றின் வழியே கரண்ட் போகும் என்பதால், பார்க் லைட், நம்பர் பிளேட் பல்புகளை எல்லாம் கழற்றிவிட்டு சுவிட்சைப் போட்டேன். ஃபியூஸ் இடத்தில் மாட்டிய பல்பு எரியவில்லை. ஸ்டியரிங்குக்கு அடியில் ஒயர்களை அசைத்தேன், பானெட்டுக்குள் அசைத்தேன். ஒரு மணி நேரம் போயிற்று. அப்புறம் மகள் வந்து, நான் திறந்தே வைத்திருந்த டிக்கியைச் சாத்தினாள். பல்பு பளிச்சென்று எரிந்தது! "மறுபடி திற பாப்பா" என்றேன். அணைந்தது.

டிக்கிக் கதவின் வலப்பக்கக் கீலை ஒட்டி, ஒயர்கள் போகும் ரப்பர் குழாய் இருக்கிறது. அதைப் பின்னுக்கு இழுத்தேன். திறந்து மூடியே மடிந்து மடிந்து ஐந்து ஒயர்களில் இரண்டின் மேலுறை வெடித்திருந்தது. ஒன்றில் செம்பு பச்சை பூத்திருந்தது. மற்றதன் இழைகள் பிரிந்து, கீலின் ஓரத்தில் கருகிய சின்னப் புள்ளியை விட்டிருந்தன. விரலை வைத்துத் தடவிப் பார்த்தேன், மிளகு அளவுகூட இல்லை.

வெடித்த பகுதியை வெட்டிவிட்டு, வளைந்து கொடுக்கும் ஒயரை ஒரு சாண் நீளத்துக்குச் சேர்த்து சால்டர் செய்தேன். ஒட்டுகள் மடிப்பில் வராதபடி தள்ளி வைத்து, சூட்டில் சுருங்கும் ஸ்லீவ் மாட்டினேன். சிவப்பு ஃபியூஸைச் செருகிவிட்டு டிக்கியை முப்பது முறை திறந்து மூடினோம், அவள் எண்ணினாள்.

இடப்பக்கக் குழாயையும் இழுத்துப் பார்த்தேன். அங்கே ஒரு ஒயர் வெடிக்கத் தொடங்கியிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை அதற்கு.